மூடாத இமை

சேரம்பாடியிலிருந்து கோயம்புத்தூர் போகும் பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் ஜன்னலோரம் இருந்த அந்த அம்மா, தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவர். தைராய்டு நோயால் வலது கண் பிதுங்கியிருந்தது. இமை தானாக மூடாது. அடிக்கடி விரலால் இழுத்து மூடிப் பிடித்துக்கொள்வார்.

"நாளைக்கு ஆபரேசனுங்க. கண்ணுக்குப் பக்கத்துல எலும்புச் செவுத்த எடுத்துட்டா, எடங் கெடச்சு கண்ணு உள்ள போயிருமாம்."

"பயமா இருக்குங்களா?"

"எஸ்டேட்டுல குடுத்திருக்கற லைன் ஊட்டுல ஒரு செவுத்த இடிக்கோணும்னா மேனேஜர் கையெழுத்து வேணுங்க. ஏழு பேரு படுக்க எடமில்லீன்னு வருசக்கணக்காக் கேக்கறோம். இந்தச் செவுத்துக்கு என்ற கையெழுத்தே போதும்னுட்டாங்க."

சொன்னவர் இமையைப் பிடித்தபடியே தூங்கிப்போனார். கொண்டை ஊசி வளைவில் விரல் நழுவியது. திறந்த கண்ணில் குளிர்காற்று அடிக்க, ஷட்டரை இறக்கினேன். இமையை மூடிவிடவும் கை எழுந்தது. கேட்காமல் தொட மனம் வரவில்லை; கேட்பதற்காக எழுப்பவும் மனம் வரவில்லை.