கொட்டவிருந்த மீனும் நான் எழுதிய விளக்கமும்

கொட்டுவதற்கென்று தள்ளிவைத்த சாப்பாட்டை எடுத்து உண்பவர் திருடர் என்றால், அதைக் கொட்டச் சொல்பவரை என்னவென்று அழைப்பது? டான்யூப் ஆற்றில் ஓடிய உல்லாசக் கப்பல் ஒன்றின் சமையற்கட்டில் இந்தக் கேள்வி என்னை வந்து பிடித்தது. பட்டம் முடித்து, அரச நியமனத்துக்குக் காத்திருந்து சலித்து, இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள சாய்ந்தமருதிலிருந்து அங்கே போய் உணவு பரிமாறிக்கொண்டிருந்த காலம் அது.

கப்பலில் பயணிகள் கரையைப் பார்ப்பதைவிட மேசையில் இருப்பதே அதிகம் என்று எனக்குத் தோன்றும். காலையில் வெண்ணெய் தடவப் பத்து வகைப் பாண், பகலில் நீளமான மேசை முழுக்கப் பண்டங்கள், இரவில் ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து தட்டுகள். பாதிக்கு மேல் தொடாமலே திரும்பும். சாப்பாட்டு மண்டபத்துக்குப் போன உணவு பிறகு எவர் வாய்க்கும் போகக்கூடாது என்பது கப்பலின் சட்டம். ஊழியர்களுக்குக் கீழ்த்தளத்தில் தனிச் சமையல். அதில் பெரும்பாலான நாட்கள் பன்றி இறைச்சி கலந்திருக்கும். ஆகவே முஸ்லிம்களான எனக்கும், பாத்திரம் கழுவிய மருதமுனைக் காக்காவுக்கும் பாணும் அவித்த முட்டையும்தான்.

மூத்தவரைக் காக்கா என்றழைப்பது எங்கள் ஊர் வழக்கம்; இவர் என்னைவிட இருபது வயது மூத்தவர். மருதமுனையில் மகளுக்காக ஒரு வீடு எழுப்பியிருந்தார். சுவர் நின்றது, கூரை இல்லை. எங்கள் பக்கத்தில் வீடில்லாமல் பெண்ணுக்குக் கல்யாணம் நடப்பது அரிது. மாப்பிள்ளை வீட்டார் கூரைக்காகக் காத்திருந்தார்கள். அந்த வேலை கையிலிருந்தால்தான் அந்தக் கூரை.

ஒருநாள் பகல், பயணிகளை நகரம் பார்க்கக் கொண்டுபோன பஸ் தாமதமாகி, அவர்கள் அங்கேயே சாப்பிட்டுவிட்டதாகச் செய்தி வந்தது. நாங்கள் பரப்பி வைத்திருந்த மீன் முழுதாக அப்படியே இருந்தது. எலுமிச்சைத் துண்டுகூடச் சரியவில்லை. பக்கத்தில் ஒரு பெரிய சட்டி சோறு. குறித்த நேரம் கடந்ததும் தலைமைச் சமையற்காரர் எல்லாவற்றையும் கொட்டச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"தம்பி, இதக் கொட்ட எனக்குக் கை வராது" என்றார் காக்கா. "நாவிதன்வெளியில வெயில் குடிச்சி வெள்ளாம செய்றவன் இந்தச் சோத்தக் கண்டா நம்மளத்தான் அடிப்பான்."

"காக்கா, சட்டம் இரிக்கி. கண்டா வேல போயிடும்."

"சட்டத்த நீங்க பாருங்க, பட்டதாரித் தம்பி. நான் மீனப் பாக்கிறன். கையக் கழுவிட்டு வாங்க."

பெரிய உருக்குத் தட்டொன்றில் சோற்றைப் பரப்பி, நடுவில் மீனை வைத்தார். எங்கள் ஊர்க் கல்யாணங்களில் நாலைந்து பேர் சுற்றியிருந்து ஒன்றாக உண்ணும் அதே சஹன். இந்தோனேசியச் சமையல் உதவியாளர் ஒருவரும், அறைகளில் படுக்கை விரிக்கும் பிலிப்பைன்ஸ்காரர் ஒருவரும் வந்து சேர்ந்தார்கள். "யூ, திஸ் சைட். மீ, திஸ் சைட். நோ கிராஸிங்" என்று காக்கா எல்லை பிரித்துக் கொடுக்க, பிலிப்பைன்ஸ்காரர் சிரித்துச் சிரித்துப் புரையேறினார்.

ஆளுக்கொரு தட்டில் எடுத்திருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். ஆனால் சஹனில் இருந்தால் கடைசி ஆள் முடிக்கும்வரை எவரும் எழும்புவதில்லை. கடைசி ஆள் காக்கா. அவருக்குக் கடைவாய்ப் பற்கள் இல்லை.

"கெதியாத் தின்னுங்க காக்கா."

"இரிங்க தம்பி. இப்ப எழும்பினீங்கெண்டா, டிகிரி படிச்ச புள்ளைக்குச் சஹன்ல இரிக்கத் தெரியாதெண்டு ஊரெல்லாம் சொல்லுவன்."

அப்போதுதான் முகாமையாளர் அம்மையார் உள்ளே வந்தார். முதலில் எழும்பியவன் நான்.

"நான்கு பேர், ஒரே தட்டில், கையால்" என்றார் அவர், ஒரு நோயின் அறிகுறிகளைச் சொல்வதுபோல. அதை மேசையிலிருந்து எடுத்தவர் யார் என்று கேட்டார். எவரும் மற்றவரைக் காட்டிக்கொடுக்கவில்லை. மாலைக்குள் ஒவ்வொருவரும் எழுத்தில் விளக்கம் தரவேண்டும் என்றார்.

காக்காவுக்கு ஆங்கிலம் எழுத வராது. அவருடையதையும் நானே எழுதினேன். இரண்டு பக்கம். உணவை வீணாக்குவது எங்கள் மார்க்கத்தில் எவ்வளவு பெரிய பிழை, ஒரே தட்டில் உண்பது எங்களுக்குள் என்ன மரியாதை, தொடாத உணவை ஊழியருக்குக் கொடுத்தால் கப்பலுக்கு என்ன நட்டம் என்றெல்லாம் படிப்படியாக அடுக்கினேன். உண்மை பேசினால்தான் நியாயம் எடுபடும் என்று நம்பி, 'மேசையிலிருந்து நானே எடுத்தேன்' என்றும் அவர் பெயரில் எழுதினேன்.

"எல்லாம் வடிவா எழுதிட்டீங்களா?" என்று கேட்டார்.

"ஓம் காக்கா. நியாயமெல்லாம் இரிக்கி."

"படிச்ச புள்ள எழுதினா பிறகென்ன" என்று தமிழில் கையெழுத்து வைத்தார்.

அம்மையார் அந்த இரண்டு பக்கத்திலும் ஒரேயொரு வரியின் கீழ்தான் கோடிட்டார். எங்கள் மூவருக்கும் எச்சரிக்கை. காக்காவுக்கு வேலை இல்லை; அடுத்த துறைமுகத்தில் இறங்கவேண்டும். காரணத்தைச் சுகாதாரம் என்று எழுதியிருந்தார்கள். தண்ணீர் மட்டத்து ஜன்னலும் காற்றில்லாத அறையும் எங்களுக்குப் போதுமென்று வைத்தவர்களுக்குச் சுகாதாரம் நினைவுக்கு வந்தது நாங்கள் வயிறு நிறையச் சாப்பிட்ட அன்றுதான்! அன்று மாலை மேல்தளத்தில் பயணிகள் அன்னங்களுக்குப் பாண் எறிந்தார்கள். அம்மையார் பக்கத்தில் நின்று, எந்தப் பக்கம் எறியலாம் என்று காட்டினார். அந்தப் பாணும் மண்டபத்திலிருந்து வந்ததுதான். பறவை உண்ணலாம், பாத்திரம் கழுவியவர் உண்ணக்கூடாது என்பதை எந்தச் சுகாதார நூலில் படித்தார்களோ தெரியாது.

இறங்குபாலத்தில் பையோடு நின்ற காக்கா, "அந்தக் கடிதத்தில என்னத்த எழுதின நீங்க?" என்று கேட்டார். சொன்னேன். பையைக் கீழே வைத்தார்.

"எனக்கிட்ட ஒரு சொல்லுக் கேட்டிருந்தா, நாலு பேரும் சேந்து எடுத்தமெண்டு எழுதச் சொல்லியிருப்பன், தம்பி. நாலு பேரையும் அனுப்பிப்போட்டு நாளைக்கி ஆர வெச்சிக் கப்பல நடத்துவாங்க?"

இரண்டு பக்கம் எழுதிய எனக்கு அந்த ஒரு கணக்குத் தோன்றவில்லை. கப்பல்காரர்கள் மேல் எனக்கிருந்த கோபத்தில் பாதி அந்த இடத்திலேயே என் பக்கம் திரும்பியது. அவருடைய மகளின் கல்யாணம் கூரைக்காக இன்னும் இரண்டு வருடம் தள்ளிப்போனது.

இப்போது ஊரில் ஓர் அரச அலுவலகத்தில் இருக்கிறேன். மனுவும் முறைப்பாடும் எழுதித் தரக் கேட்டு ஆட்கள் வருகிறார்கள். எழுதியதை அவர்களுக்கு வரிவரியாக வாசித்துக் காட்டி, இதில் எதை எடுத்துவிடவேண்டும் என்று கேட்காமல் எந்தத் தாளிலும் நான் கையெழுத்து வாங்குவதில்லை.