மேல்மாடிப் புத்தகங்கள்

காரைக்குடியில் ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டின் முன்கட்டில்தான் நான் நூலகராக வேலை பார்க்கிறேன். சொந்தக்காரர்கள் சென்னைக்கும் மலேசியாவுக்குமாகப் பிரிந்து போய்விட, குடும்பத்தின் அறக்கட்டளை வீட்டின் ஒரு பகுதியைக் கல்லூரி மாணவர்களுக்கான நூலகமாக்கியது. மற்றதெல்லாம் பூட்டிய அறைகள். முற்றத்தைச் சுற்றி வரிசையாக இருக்கும் அந்த அறைகள் ஒவ்வொன்றும் ஒரு பங்காளிக்கு உரியது. சாவியும் அவரவரிடம்தான். கல்யாணம், முன்னோருக்குப் படைப்பு என்று வந்தால் மட்டும் திறப்பார்கள்.

எங்களிடம் கதைப் புத்தகம் ஒன்றுகூடக் கிடையாது. மின் இயந்திரங்கள், மண்ணியல், உடற்கூறு, மருந்தியல், இசை இலக்கணம் என்று எல்லாமே பாட நூல்கள்தான். ஒரு மாணவனால் வாங்கவும் முடியாது, வாங்காமல் படிக்கவும் முடியாது என்கிற வகை. அதனாலேயே குன்றக்குடி, அரியக்குடி பக்கமிருந்தெல்லாம் பிள்ளைகள் பஸ் ஏறி வருவார்கள். கீழே நீளமான கூடத்தில் மேசைகள். அதற்கு நேர் மேலே, மரத்தளம் போட்ட மாடியில் இரும்பு அலமாரிகள்.

போன வருடம் மதுரையிலிருந்து ஒரு லாரி வந்தது. ஒரு தம்பதியின் புத்தகங்கள். கணவர் மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர், மனைவி கட்டடக் கலை கற்பித்தவர். இருவரும் அடுத்தடுத்துக் காலமாகிவிட, பிள்ளைகள் அவர்களுடைய புத்தகங்கள் முழுவதையும் எங்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். கீழே இடமில்லை. அறக்கட்டளைச் செயலாளர் எல்லாவற்றையும் மாடிக்கே ஏற்றச் சொன்னார். புது அலமாரிகள் கூடத்தின் நடுப்பகுதிக்கு மேலாக வரிசை கட்டின.

இந்த ஐப்பசியில், மழை பிடித்துக்கொண்ட வாரத்தில், ஒரு காலை நேரம் கூடத்தின் நடுவில், சுவரை ஒட்டிய மேசையில் வெள்ளைப் பொடி உதிர்ந்து கிடந்தது. துடைத்தேன். சற்று நேரம் கழித்து ஒரு மாணவி, தன் நோட்டில் சுண்ணாம்பு விழுகிறது என்று வேறு மேசைக்கு மாறினாள். அண்ணாந்து பார்த்தேன். கூடத்தின் குறுக்கே ஓடும் பெரிய உத்திரம் சுவருக்குள் நுழையும் இடத்தில், பூச்சு மயிரிழையாகப் பிளந்திருந்தது.

மாடிக்குப் போனேன். நடுவில் முதுகோடு முதுகாக இரண்டு அலமாரிகள் நிற்கும். இடையில் கை நுழைகிற இடைவெளி உண்டு. நானே தூசி தட்டியிருக்கிறேன். இப்போது மேல் விளிம்புகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டிருந்தன. என் உடம்பின் பாரத்தையே திடீரென்று உணர்ந்தவளாக, சுவரோரமாக அடி எடுத்து வைத்து இறங்கி வந்தேன்.

செயலாளருக்கு போன் செய்தேன். அறுபதைக் கடந்தவர், அந்த வீட்டின் பங்காளிகளில் ஊரோடு தங்கிவிட்டவர் அவர் ஒருவர்தான். மழைக்காலத்தில் சுண்ணாம்பு உதிர்வது வழக்கம்தான் என்றார்.

"அது பர்மாத் தேக்கு மேடம். எங்க பாட்டன் பூட்டன் போட்டது. பரீட்சை நேரத்துல பிள்ளைகளப் பயங்காட்டாதீக."

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அந்த வீடு எத்தனையோ மழையைப் பார்த்தது. ஆனால் என்னால் உட்கார முடியவில்லை. கட்டட வடிவமைப்புப் பாடநூல் ஒன்றை எடுத்துத் தளங்கள் தாங்க வேண்டிய பாரங்களின் அட்டவணையைத் தேடினேன். எத்தனை வருடமாக எத்தனை பேருக்கு அந்தப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்திருக்கிறேன், அந்தப் பக்கத்தை அன்றுதான் படித்தேன். குடியிருக்கும் வீட்டின் தளத்துக்குச் சொல்வதைப்போல மூன்று மடங்கு பாரத்தைப் புத்தக அலமாரி வைக்கும் தளத்துக்குக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று இருந்தது. இந்த வீட்டைக் கட்டியவர்கள் மாடியில் மனிதர்கள் புழங்குவார்கள் என்று நினைத்திருப்பார்கள். மருந்தியலும் இயந்திரவியலும் குடிவரும் என்று எப்படி நினைத்திருப்பார்கள்?

எங்கள் நூலகத்திலேயே படித்துப் பொறியாளரான பெண் ஒருத்தி ஊரில் கட்டட வேலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டதும் ஸ்கூட்டரில் வந்தாள். கீழே நின்று டார்ச் அடித்து வெகுநேரம் பார்த்தாள். ஏணியில் ஏறி விரிசலின் இரு பக்கமும் பென்சிலால் கோடு போட்டாள். மாடிக்கு ஏறி வாசலில் நின்றபடியே அலமாரிகளைப் பார்த்தாள். இறங்கி வந்து மறுபடி பார்த்தபோது பென்சில் கோடுகள் முன்னைவிட விலகியிருந்தன. அவள் முகம் மாறியது.

"அக்கா, பிள்ளைகள வெளிய அனுப்புங்க. இப்பவே."

"விழுந்துருமா?"

"தெரியல. உத்திரத்தோட முனை சுவத்துக்குள்ள இருக்கு, அது எப்படி இருக்குன்னு பார்க்க முடியாது. பார்க்க முடியாததுக்குக் கீழ பிள்ளைகள உக்கார வைக்கக் கூடாது."

செயலாளரைக் கேட்கவில்லை. மேசை மேசையாகப் போய், அவசரப்படாமல், பைகளை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போகச் சொன்னேன். முணுமுணுத்தார்கள். ஒருவன் இந்தப் பக்கத்தை மட்டும் முடித்துவிடுகிறேன் என்றான். அவன் கையிலிருந்த புத்தகத்தை நானே மூடினேன். கடைசி ஆள் வெளியே வரும்வரை கூரையையே பார்த்துக்கொண்டு நின்றதில் கழுத்து மரத்துப்போயிற்று.

அவள் தன் வேலையிடத்திலிருந்து இரும்பு முட்டுகளையும் சென்ட்ரிங் வேலைக்காரர்கள் இருவரையும் வரவழைத்தாள். மூவரும் உத்திரத்துக்கு அடியில் போனார்கள். முட்டுகளைத் திருகித் திருகி உயர்த்தும்போது மேலே எங்கோ 'மடக்' என்று ஒரு சத்தம். மூவரும் அப்படியே நின்றார்கள். பிறகு அவள் மெதுவாகத் திருகத் தொடங்கினாள். அந்தச் சத்தம் கேட்ட நேரத்தில்தான், விஷயம் கேள்விப்பட்டு வந்த செயலாளர் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். அதன்பின் பர்மாத் தேக்கைப் பற்றி அவர் பேசவில்லை.

முட்டு நின்றது. ஆனாலும் பாரத்தை இறக்காமல் நிம்மதி இல்லை என்றாள். மாடியில் இரண்டு பேருக்கு மேல் கூடாது, சுவரோரமாகத்தான் நடக்க வேண்டும், நடு அலமாரிகளின் புத்தகங்களை முதலில் எடுக்க வேண்டும் என்பது அவள் ஏற்பாடு. எந்தப் புத்தகம் எங்கே என்று எனக்குத் தெரியும் என்பதால் அவளுடன் நான் ஏறினேன். அலமாரிக்குப் போக நடுத்தளத்தில் கால் வைத்துத்தான் ஆக வேண்டும். பலகை காலுக்கடியில் லேசாக அமுங்குவது தெரிந்தது. கனமான மருத்துவ நூல்களை எடுக்கும்போதெல்லாம் மூச்சை அடக்கிக்கொண்டேன். படிக்கட்டிலிருந்து தாழ்வாரம் வரை மாணவர்கள் வரிசையாக நின்று கைக்குக் கை மாற்றினார்கள்.

தாழ்வாரம் சீக்கிரமே நிறைந்தது. முற்றத்தில் தார்ப்பாயை விரித்து அடுக்கினோம். பாதி இறங்கியிருக்கும்போது மழை வந்தது. செட்டிநாட்டு வீட்டு முற்றத்துக்குக் கூரை கிடையாது. நாலு பக்க ஓட்டுத் தண்ணீரும் அங்கேதான் கொட்டும். நான் ஓடி இறங்கி வந்தேன். பிள்ளைகள் இன்னொரு தார்ப்பாயைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள், அது போதவில்லை. செயலாளர் கூடத்தைக் காட்டி, எல்லாவற்றையும் உள்ளே வைக்கச் சொன்னார். சில பையன்கள் புத்தகங்களை மார்போடு அணைத்துக்கொண்டு கூடத்தை நோக்கி ஓடினார்கள். நான் வாசலை மறித்து நின்றேன்.

"புத்தகம் நனையுது, நீங்களே பார்த்துக்கிட்டு நிக்கிறீகளே" என்றார்.

"நனையட்டும் சார். ஒரு பிள்ளையும் அந்தக் கூடத்துக்குள்ள போகக் கூடாது."

அதைச் சொன்னது என் வாய்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. உடற்கூறு வரைபட நூல் ஒன்றின் அட்டைமேல் தண்ணீர் உருண்டு ஓடியதைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன்.

அவர் என்னைப் பார்த்தார், கூடத்தைப் பார்த்தார். பிறகு முற்றத்தை ஒட்டிய பூட்டிய அறைகளைப் பார்த்தார். அவருடைய சொந்த அறை பழைய சாமான்களால் நிரம்பிக் கிடந்தது. எல்லாவற்றிலும் பெரியது சென்னையில் இருக்கும் பங்காளி ஒருவருடையது. இருவருக்கும் வெகுகாலமாகப் பேச்சுவார்த்தை சரியில்லை என்பது ஊருக்கே தெரியும். செயலாளர் போனை எடுத்து அவரைக் கூப்பிட்டார். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி கூப்பிட்டார். அதற்குள் மழை வலுத்தது.

போனைப் பையில் போட்டுவிட்டு, சென்ட்ரிங்காரர் ஒருவரிடமிருந்து கடப்பாரையை வாங்கினார். பங்காளி பூட்டை உடைப்பது அந்தக் குடும்பங்களில் சாதாரணக் காரியமில்லை. வழக்கு வரை போகும். பூட்டுத் தொங்கிய கொண்டியில் கடப்பாரையைச் செருகி அமுக்கினார். முதலில் வரவில்லை. யாரோ உதவிக்குப் போனபோது விலக்கிவிட்டார்.

"நான்தான் உடைக்கணும். வேற யாரும் கை வைக்காதீக."

கொண்டி பிய்ந்து வந்தது. உள்ளே பித்தளைப் பாத்திரங்களும் மரப்பெட்டிகளும் ஒரு பக்கமாக இருந்தன. அவற்றின்மேல் ஒருவர் கையும் படாமல் அவரே குறுக்கே நின்றுகொள்ள, மீதி இடத்தில் புத்தகங்களை அடுக்கினோம். பொழுது சாய்வதற்குள் மாடி நடுப்பகுதி காலியானது. நடு அலமாரிகள் இரண்டும் வெறுமையாக, இன்னும் தலையோடு தலை முட்டியபடி நின்றன.

மறுநாள் சுவரை உடைத்துப் பார்த்தார்கள். பின்பக்கக் கூரையிலிருந்து வெகுகாலமாக ஒழுகிய தண்ணீரில் உத்திரத்தின் முனை உளுத்து, விரல் வைத்தால் மாவாக உதிர்ந்தது. வெளியே தெரிந்த மரமோ பளபளவென்றுதான் இருந்தது. செயலாளர் விரலால் தொட்டுப் பார்த்தார். முந்தின நாள் எத்தனை பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள் என்று என்னைக் கேட்டார். நான் சொன்னதும் படியில் உட்கார்ந்துவிட்டார்.

வழவழப்பான தாளில் அச்சிட்ட மருத்துவ நூல்கள்தான் மோசமாக அடிபட்டன. அந்தத் தாள் நனைந்து காய்ந்தால் பக்கங்கள் பசை போட்டதுபோல ஒட்டிக்கொள்ளும். ஈரமாக இருக்கும்போதே பக்கத்துக்குப் பக்கம் தாள் செருகி மின்விசிறிக்கு அடியில் நிறுத்தி வைத்தோம். பாதிக்குமேல் பிழைத்தன. சில செங்கல்லாக இறுகிவிட்டன. அவற்றைத் தூக்கிப் போட எனக்கு மனம் வரவில்லை, செயலாளர்தான் போட்டார்.

அந்த வார இறுதியில் சென்னைப் பங்காளி வந்தார். பிய்ந்த கொண்டியைப் பார்த்து, யார் உடைத்தது என்று பொதுவாகக் கேட்டார். நான் பேச வாயெடுக்கும் முன் செயலாளர் முன்னால் வந்து, தான்தான் என்றார். பங்காளி தன் அறைக்குள் போய்ப் பெட்டிகளைச் சரிபார்த்தார். அடுக்கியிருந்த புத்தகங்களில் ஒன்றிரண்டைப் புரட்டினார். பிறகு கூடத்துக்குப் போய், முட்டுகளுக்கு நடுவே சுவரில் இருந்த ஓட்டையை வெகுநேரம் பார்த்தார்.

திரும்பி வந்தவர் செயலாளரிடம் பேசவில்லை. என்னிடம்தான் கேட்டார்.

"இந்த அறை உங்களுக்குப் போதுமா? பக்கத்து அறையும் என்னோடதுதான், அதுவும் வேணுமா?"

இரண்டும் வேண்டும் என்றேன். சாவிக்கொத்தை என் மேசைமேல் வைத்துவிட்டுக் காருக்குப் போனார். செயலாளர் வாசல்வரை அவர் பின்னால் போனார். அங்கே என்ன பேசிக்கொண்டார்கள் என்று தெரியாது. நான் அடுத்த அறையைத் திறந்து, மேசை போட எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்க்கப் போய்விட்டேன்.