ஏரோப்ளேனிலிருந்து தெரிந்த அடிக்கட்டைகள்

போட்டோ பிடிக்கிற தொழிலில் ஒரு சௌகரியம் உண்டு: எவ்வளவு பயமாக இருந்தாலும் முகத்தை கேமராவுக்குப் பின்னால் ஒளித்து வைத்துக்கொள்ளலாம். கை நடுங்கினால்தான் வம்பு, அது படத்தில் தெரிந்துவிடும். கள்ளக்குறிச்சி கடைத்தெருவில் ஸ்டுடியோ வைத்திருந்த காலத்தில் எனக்கு அதிகம் நடுங்கியது, இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் ஜனங்கள் ரோட்டில் மரம் வெட்டிப் போட்ட வருஷங்களில். அதிகாரி முன்னால் 'முடியாது' என்று சொல்ல வாய் வராமல், வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துச் சொல்லுகிற என் சக நோயாளிகளே, இது உங்களுக்காக எழுதுவது. மற்றவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கும்.

கட்டைமேல் கால்

மறியல் நடந்த ஒரு நாள், பக்கத்து ஊர்க்காரர்கள் என்னை ஆசையாகக் கூப்பிட்டுக்கொண்டு போனார்கள். வெட்டிப் போட்ட புளியமரத்தோடு ஞாபகத்துக்கு ஒரு படம் வேண்டுமாம். நாற்பது வயசுக்காரர் ஒருவர், அதற்கென்றே சலவை வேட்டி கட்டி வந்தவர், அடிக்கட்டைமேல் ஒரு காலைத் தூக்கி வைத்து நின்றார். முகம் மட்டும் இறுகிக் கிடந்தது. தொழில் புத்தி சும்மா இருக்குமா? "கொஞ்சம் சிரிங்க" என்றேன். சிரித்தார்.

நன்றாக விழுந்த படத்தைக் கடை வாசல் கண்ணாடிப் பெட்டியில் மாட்டுவது எங்கள் தொழில் வழக்கம். ஒரு கல்யாண ஜோடிக்கும் ஒரு மொட்டைக் குழந்தைக்கும் நடுவில் அவரை மாட்டினேன். நாலாம் நாள் போலீஸ்காரர் வந்து அந்தப் படத்தை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு போனார். அன்று சாயங்காலமே ஆளையும் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அடுத்த நாள் அவர் சம்சாரம் கடைக்கு வந்தார். சண்டை போடுவார் என்று கல்லாவுக்குப் பின்னால் நகர்ந்து நின்றேன். அவர் சத்தமே போடவில்லை.

"நீங்கதானேங்க சிரிக்கச் சொன்னீங்க. சொல்லலன்னா அவுரு சிரிக்கிற ஆளே இல்லீங்களே."

மல்லாட்டைக் களம்

அதற்கு அப்புறம் கண்ணாடிப் பெட்டியில் குழந்தைகளை மட்டும்தான் மாட்டினேன். அந்த ஐப்பசியில் கடலோரத்தில் புயல் அடித்தது. எங்களுக்குக் கிழக்கே ரோடெல்லாம் தண்ணீர், எங்கள் பக்கம் ரோடெல்லாம் மரம். சர்க்கார் போட்டோகிராபர் கடலூரில் மாட்டிக்கொண்டார். நிவாரண வேலைக்கு வந்திருந்த ஒரு அதிகாரி, திருக்கோவிலூர்க்காரர், ஜீப்பில் என் கடை வாசலில் வந்து இறங்கி, "கேமராவ எடுங்க. மேலருந்து படம் புடிக்கணும்" என்றார். மாடியிலிருந்து என்று நினைத்துத் தலையாட்டிவிட்டேன்.

ஜீப் உளுந்தூர்பேட்டைக்கு வெளியே, யுத்த காலத்தில் போட்ட பழைய விமானத் தளத்தில் போய் நின்றது. நாலு பேர் உட்காரக்கூடிய சின்ன ஏரோப்ளேன் ஒன்று அங்கே நின்றிருந்தது. கரியாலூர் மலைப்பாதையில் பஸ்ஸில் போகும்போதே ஜன்னல் ஓரம் உட்காராதவன் நான். கடைசி நம்பிக்கையாக ஓடுதளத்தைப் பார்த்தேன். சிமெண்டுத் தரை முழுக்க மழையில் நனைந்த மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, காயப் போட்டிருந்தார்கள். இதை அள்ளி முடிக்கவே சாயங்காலம் ஆகும் என்று கணக்குப் போட்டுக் கொஞ்சம் மூச்சு விட்டேன்.

அரை மணியில் நடுவே ஒரு பாதை கூட்டிவிட்டார்கள். இரண்டு ஓரத்திலும் குவித்தது போக ஏரோப்ளேன் போகிற அகலம் கச்சிதமாக இருந்தது. விமானி தலையைச் சொறிந்துகொண்டு, இன்னும் கொஞ்சம் ஒதுக்கக் கூடாதா என்று கேட்டார். துடைப்பத்தோடு நின்ற அம்மாள் அசையவில்லை.

"ஏரோப்ளேனு எப்பவோ ஒரு தபா வருது சார். மல்லாட்ட வருஷா வருஷம் வருது."

கழற்றின கதவு

படம் நன்றாக விழ வேண்டும் என்று என் பக்கத்துக் கதவைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டார்கள். வீட்டில் கதவைக் கழற்றினாலே ஒருமாதிரி இருக்கும். இடுப்பில் ஒரு வார். அது போதாது என்று நான் கெஞ்சியதால் மல்லாட்டைக்காரர்கள் கொடுத்த தாம்புக் கயிறு ஒன்று. அதிகாரி முன் சீட்டில், விமானிக்குப் பக்கத்தில், மடியில் வரைபடத்தோடு உட்கார்ந்தார். பின்னால் நானும் என் கேமராப் பையும்.

தரை விட்டு எழும்பியதும் நான் செய்த முதல் காரியம் கண்ணை மூடியது. திறந்தபோது திருநாவலூர்க் கோபுரம் கால் கட்டைவிரலுக்கு நேர் கீழே இருந்தது. வாந்தி வருகிறது என்று கத்தினேன். தூரத்தில் அசையாத எதையாவது பார்க்கச் சொன்னார் விமானி. திரும்பிப் பார்த்தேன். மேற்கே கல்வராயன் மலை நீலமாக, தன் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தது. அது கண்ணில் இருந்தவரைக்கும் வயிறு அடங்கிக் கிடந்தது. பத்து நிமிஷத்தில் மேகம் அதையும் மறைத்துவிட்டது. இப்போது எதைப் பார்ப்பது என்று விமானியைக் கேட்டேன்.

"கேமராவப் பாருங்க. அதுக்குத்தான் கூட்டிக்கினு வந்தது."

கவிழ்த்த குடம்

கடல் வந்தது. எது கடல், எது வயல் என்று தெரியாத ஒரே செம்மண் நிறத் தண்ணீர். சவுக்குத் தோப்பெல்லாம் மேற்குப் பார்த்துப் படுத்திருந்தது. தென்னைகள் தலையில்லாமல் நின்றன. ஒரு கட்டுமரம் கோயில் மதிலுக்குள் கிடந்தது. கூரை போன வீடுகளுக்குள், சாமான்கள் வைத்த இடத்திலேயே நனைந்து கிடந்தது மேலிருந்து தெரிந்தது. நான் எடுத்துக்கொண்டே இருந்தேன். பன்னிரண்டு படத்துக்கு ஒரு தரம் ரோல் மாற்ற வேண்டும். இரண்டு ரோல் கை தவறிக் காற்றில் போய்விட்டது. நானும் அந்த வழியாகத்தான் போவேன் என்று தோன்றியது.

ஒரு பள்ளிக்கூட மொட்டை மாடியில் ஐம்பது அறுபது பேர் நின்றார்கள். ஏரோப்ளேன் தாழ்ந்து வந்ததும் பெண்கள் குடங்களைத் தலைக்கு மேல் தூக்கிக் கவிழ்த்துக் காட்டினார்கள். வரிசையாக நின்று இப்படிச் செய்ததும் எனக்கு ஏதோ பெரிய மனிதரை வரவேற்கிற மாதிரி பட்டது. கயிற்றைப் பிடித்திருந்த கையை விட்டு நானும் ஆட்டினேன். சிரித்தேன் என்றுகூட நினைக்கிறேன்.

அதிகாரி திரும்பி என்னைப் பார்த்தார்.

"குடிக்கத் தண்ணி இல்லன்னு காட்டறாங்க, போட்டோக்காரரே. நீங்க எதுக்குக் கைய ஆட்டறீங்க?"

ஒரே ஒரு கேள்வி

விமானி ஒரு வட்டம் அடித்துத் திரும்பினார். அப்போதுதான் அந்த ரோட்டைப் பார்த்தேன். ஒரு வளைவு, வளைவில் பாலம், பாலத்தை ஒட்டி ரைஸ் மில்லின் நெட்டைப் புகைக்கூண்டு. அந்த மில் வாசலில் நான் எத்தனையோ தரம் பஸ்ஸை விட்டு இறங்கியிருக்கிறேன். என் தங்கை வசந்தாவைக் கட்டிக்கொடுத்த ஊர் அது. கையாட்டினேனே, அந்த மாடியில்தான் அவள் இருந்திருக்க வேண்டும். அவள் முகம் தெரிந்ததா என்று யோசித்தேன். குடங்கள் மட்டும்தான் ஞாபகம் வந்தன.

ரோட்டில் ஏழு புளியமரங்கள் குறுக்கே கிடந்தன. புயலில் சாய்ந்த மரம் எப்படி இருக்கும் என்று அதற்குள் பாடமாகியிருந்தது: எல்லாம் மேற்குப் பார்த்துக் கிடக்கும், வேர் மேலே நிற்கும், பக்கத்தில் குழியில் தண்ணீர் தேங்கும். இவை வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றிக் கிடந்தன. ஓரத்தில் ஏழு அடிக்கட்டைகள், புதிதாக வெட்டின வெளுப்போடு வட்ட வட்டமாக வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. புயலுக்கு மூன்று நாள் முன்னால் நடந்த மறியலில் வெட்டியிருப்பார்கள். கோடாலி பிடித்தவர்களில் என் மச்சான் முதல் ஆள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அழுத்தினேன், படம் விழுந்துவிட்டது.

அதிகாரி பக்கத்துக் கண்ணாடியில் ஒரே தூறல். "அங்க கெடக்கிற மரம் காத்துல சாஞ்சதா, வெட்டிப் போட்டதா?" என்று கேட்டார். சலவை வேட்டிக்காரர் கண்முன் வந்து சிரித்தார். "காத்துதாங்க" என்றேன். அவர் எழுதிக்கொண்டார்.

இறங்கியதும் ஜீப் முகப்பில் தாளை விரித்து, அரிசியும் குடிதண்ணீரும் ஏற்றிய லாரிகள் எந்த ஊருக்கு எப்போது என்று பட்டியல் சொன்னார். வசந்தாவின் ஊர் கடைசியில் வந்தது. ஏன் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

"வேரோட சாஞ்சா ரோட்டையும் பேத்துக்கினு போயிருக்குமில்ல? லாரி எறங்கிடும். ரோட்ட சரிபண்ணித்தான் அனுப்பணும். மூணு நாளாவும்."

ரீடச்

அப்போதே சொல்லியிருக்கலாம். 'வெட்டின மரம்தான் சார், ரோடு நன்றாகத்தான் இருக்கிறது, மரத்தை எடுத்தால் லாரி போகும்' என்று ஒரு வரி. சொன்னால் தங்கைக்குத் தண்ணீர் வரும், பின்னாலேயே மச்சானுக்கு விலங்கும் வரும். மூன்று நாள் தாகமா, மூன்று வருஷம் ஜெயிலா என்று நானே தராசு பிடித்துப் பார்த்து, வாயை மூடிக்கொண்டு கள்ளக்குறிச்சி வந்து சேர்ந்தேன்.

மறுநாள் காலை டார்க் ரூமில் அந்த நெகட்டிவை விளக்கில் பிடித்தேன். வெள்ளையாக இருப்பது நெகட்டிவில் கறுப்பாகத் தெரியும். ஏழு கட்டையும் ஏழு கறுப்புப் புள்ளி. ரீடச் எனக்குக் கைவந்த வேலை. அம்மை வடு விழுந்த எத்தனையோ கல்யாணப் பெண்களை வழவழவென்று ஆக்கி அனுப்பியிருக்கிறேன். பிளேடு முனையால் ஏழு புள்ளியையும் மூச்சுப் பிடித்துச் சுரண்டி எடுத்தேன். பிரிண்ட் போட்டேன். கட்டை இருந்த இடமெல்லாம் சுத்தமான நிழல். ஆனால் தட்டில் படம் எழும்பியபோது மேல் மூலையில் அந்தப் பள்ளிக்கூட மாடியும் எழும்பிற்று. எறும்பு அளவுக்கு ஆட்கள், தலைக்கு மேல் குடங்கள். எனக்கு அழுகை வந்தது. அதைச் சுரண்ட மனசு வரவில்லை.

மத்தியானம் அதிகாரி வந்து எல்லாப் படத்தையும் பரப்பிப் பார்த்தார். அந்த ஒன்றை மட்டும் வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துக்கொண்டு போனார். "மரம் சாஞ்சா குழி இருக்கணும். வெட்டினா கட்ட இருக்கணும். உங்க மரத்துக்கு ரெண்டும் இல்ல. எங்கருந்து நடந்து வந்து இங்க படுத்துது?" என்று கேட்டார். கட்டையை எடுத்தவன் குழி போட மறந்துவிட்டேன். கல்யாணப் பெண்ணுக்கு அந்தப் பிரச்சினை வந்ததில்லை.

ஸ்டூலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன்: தங்கை, மச்சான், கண்ணாடிப் பெட்டி, சலவை வேட்டி. அவர் பட்டியலை எடுத்துக் கடைசி ஊரை அடித்துவிட்டு முதலில் எழுதினார். பிறகு நெகட்டிவைக் கேட்டு வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அது என்ன ஆயிற்று என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஜீப்பில் ஏறும்போதுதான் திரும்பினார்.

"கேஸ் எழுதற பேனா வேற ஆபீஸ்ல இருக்கு. என்கிட்ட இருக்கிறது அரிசி எழுதற பேனா. நேத்தே சொல்லித் தொலைக்கிறதுக்கு இன்னா?"

வசந்தா சொன்னது

பஸ் ஓட ஆரம்பித்த அன்றே அவள் ஊருக்குப் போனேன். மில் வாசலில் இறங்கியபோது ஏழு கட்டைகளும் அப்படியே இருந்தன, மழையில் கொஞ்சம் கறுத்துப்போய். மரங்களைக் காணோம். மச்சான் வீட்டில் இருக்கிறாரா, கொண்டுபோய்விட்டார்களா என்று யாரையும் கேட்கத் தைரியமில்லாமல் வீடுவரைக்கும் தலை குனிந்து நடந்தேன். கூரை மேல் உட்கார்ந்து ஓலை வேய்ந்துகொண்டிருந்தார்.

லாரி அந்தாண்டை வந்து நின்றதும், வெட்டின ஆட்களே வெட்டின கோடாலிகளைத் தூக்கிக்கொண்டு ஓடி, ஒரு மணி நேரத்தில் வழி விட்டார்களாம். அதிகாரி மச்சானின் கோடாலியை வாங்கி விரலால் தடவிப் பார்த்து, "நல்லா தீட்டி வெச்சிருக்கியே" என்று மட்டும் சொல்லித் திருப்பிக் கொடுத்தாராம். மச்சான் இதைச் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வசந்தாவின் கைக்குழந்தை மடியில் துவண்டு கிடந்தது. உப்புத் தண்ணீர் குடித்து வயிற்றோட்டம், இப்போதுதான் தேறுகிறதாம்.

"எப்பலருந்து?" என்று கேட்டேன்.

"லாரி வந்த அன்னிக்குக் காலையிலதாண்ணா. அதுக்கு மொத நாளு வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. அந்த மொத நாளுதான் ஒரு ஏரோப்ளேனு வந்துச்சுண்ணா, கொடத்தக் கவுத்துக் கவுத்துக் காட்டனோம். அதுல ஒருத்தன் கைய ஆட்டிக்கினே போனான். பாத்துட்டும் ஒரு நாளு ஆருமே வரல. அவன் மூஞ்சியில மண்ணள்ளிப் போட. ஆருண்ணா அவன்?"

இன்றைக்கும் யாராவது என்னிடம் ஏரோப்ளேனில் போயிருக்கிறீர்களா என்று கேட்டால், கரியாலூர் பஸ்ஸுக்கு மேல் எதிலும் ஏறியதில்லை என்றுதான் சொல்கிறேன்.