பசறை இறக்கத்தில் பிடிக்காத பிரேக்

1. பசறையிலிருந்து பதுளைக்கு வரும் இறக்கத்தில் அப்பாவின் முச்சக்கரவண்டிக்கு பிரேக் பிடிக்கவில்லை.

2. கம்பெனி சேர்விஸ் நிலையத்தில் பிரேக் ஷூ மாற்றி, தங்கள் வளவுச் சமதரையிலேயே ஓட்டிப் பார்த்து, 'சரி' என்று அறிக்கை தந்தார்கள்.

3. மூன்று வாரத்தில் அதே இறக்கத்தில் மறுபடியும் பிடிக்கவில்லை. நானும் உள்ளே இருந்தேன். அப்பா மண்மேட்டில் மோதி நிறுத்தியதால் பள்ளத்தில் விழாமல் தப்பினோம்.

நான் டிப்ளோமா முடித்த தொழில்நுட்ப உதவியாளர். அச்சடித்த அறிக்கையை நம்பி, தோட்டத்துச் சந்தி கராஜுக்குப் போக வேண்டாம் என்று அப்பாவைத் தடுத்தவளும் நான்தான். இம்முறை அங்கேதான் போனோம்.

மெக்கானிக் சேகர் அண்ணன் கருகிய ஷூவை முகர்ந்து பார்த்தார்.

"மாமா, இறக்கத்துல என்ஜினை நிப்பாட்டிட்டுத்தானே வர்றீங்க?"

"பெட்ரோல் மிச்சம்தானேப்பா. எல்லாரும் அப்படித்தானே வர்றாங்க."

"எல்லாரும் இங்கதான் வந்து நிக்கிறாங்க! மொத்த பாரத்தையும் பிரேக்கே தாங்குனா சூடாகி பிடிக்காம போயிரும். என்ஜினை ஓடவிட்டு கியர்லயே எறக்குங்க, என்ஜினும் சேர்ந்து இழுத்துப் பிடிக்கும்."

கம்பெனியில் அதை யாரும் கேட்கவில்லை. சிறுவயதிலிருந்தே அப்படி வந்து பழகியதால் சொல்ல வேண்டுமென்று எனக்கும் தோன்றவில்லை.

இப்போது வண்டியை எங்கே கொடுத்தாலும், எந்த வீதியில், எப்படி ஓட்டும்போது கோளாறு வருகிறது என்று எழுதிக் கொடுக்கிறேன். வாரன்டி வேலைகள் கம்பெனிக்கு, பிரேக் சேகர் அண்ணனுக்கு. அப்பா கியரில்தான் இறங்குகிறார். நான்கு மாதமாகியும் புது ஷூ கருகவில்லை.