பினாங்கில் பார்த்த முகம்

மட்டக்களப்புக்கு வந்து பல வருஷம் ஆகிறது. இன்றைக்கும் நான் செய்யாத காரியத்துக்கெல்லாம் ஏச்சு வாங்கிக்கொண்டிருக்கிறேன். போன வெள்ளிக்கிழமை கடை திறந்த கையோடு ஒரு பெண் சாயம் போன சேலையோடு வந்து நின்றாள். “நேத்து நீங்கதானே தந்த? கழுவினாலும் சாயம் போகாதெண்டு சத்தியம் பண்ணித்தானே தந்த?” என்று பிடித்துக்கொண்டாள். சேலை எங்கள் கடைச் சரக்கே இல்லை. விற்றவர் எதிர்க்கடைக் கணக்குப்பிள்ளை. அவர் ராமநாதபுரத்துக்காரர், நெட்டை, முகமெல்லாம் அம்மைத் தழும்பு. நான் மாயவரத்துக்காரன், குட்டை, வழுக்கை. எங்களை அடுத்தடுத்து நிறுத்தினால் பனைமரமும் பூசணிக்காயுமாகத்தான் இருப்போம். “நானில்லை அம்மா, அதோ அவர்” என்று கையைக் காட்டினேன். அவள் அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “இந்தியாச் செட்டிமாரெல்லாம் ஒரே மூஞ்சிதானே கா” என்று சொல்லிச் சேலையை என் மேசையிலேயே போட்டுவிட்டுப் போய்விட்டாள். எங்கள் இருவருடைய ஏழு தலைமுறையிலும் செட்டியார் கிடையாது.

ஊரில் இருந்துகொண்டு இதைப் படிக்கிற நீங்கள் சிரிப்பீர்கள். எனக்கு என்னவோ கோபம்தான் வருகிறது. இந்த ஜனங்களுக்குக் கண் இல்லை என்றால் பொறுத்துக்கொள்ளலாம். இவர்கள் கழுகுக் கண்ணர்கள். மண்டூரில் கணபதிப்பிள்ளை என்று எனக்கு ஒரு வாடிக்கைக்காரர் உண்டு. வெள்ளாமை செய்கிறவர். அவரோடு வாவியைக் கடக்கும்போது தொலைவில் புள்ளியாக ஒரு தோணி தெரியும். அதில் கம்பை ஊன்றி நிற்கிறவனின் இடுப்பு வளைகிற விதத்தைப் பார்த்தே ஆள் இன்னார் என்று சொல்லிவிடுவார். ஒரு தடவை அவருடைய வட்டையில், அதாவது வயல்வெளியில், வரப்போடு நடந்துகொண்டிருந்தோம். எதிரே வந்த வாலிபன் ஒருவனை அவர் நிறுத்தினார். அதற்கு முன் அவர் அவனைக் கண்டதே இல்லை. “நீ கரடியனாத்துச் செல்லம்மாட மகன்தானே? அந்த மூக்கு உன்ட தாய்வழி மூக்கு” என்றார். பையன் வெட்கத்தோடு தலையை ஆட்டினான். நம் பக்கத்தில் ஆளை அப்பன் பேரைச் சொல்லி அறிவோம். இங்கே தாய்வழிக் குடியை வைத்து அறிகிறார்கள். ஒருவனுக்கு முன்கோபம் இருந்தால் அதையும் தாய்மாமன் தலையில் கட்டி, “அது அந்தக் குடிக்கு உள்ளது” என்பார்கள். அப்பேர்ப்பட்ட கண்களுக்கு நானும் ராமநாதபுரத்துக்காரரும் ஒன்று. எங்களுக்கு இங்கே தாயும் இல்லை, மாமனும் இல்லை. அதனால் முகமும் இல்லாமல் போயிற்று.

நம்மவர்கள் மட்டும் என்ன வாழ்ந்தது? இங்கே வருவதற்கு முன் சில வருஷம் பினாங்கில் துணிக்கடையில் இருந்தேன். அங்கே ஒரு சீனன் தினமும் என்னை ரிக்ஷாவில் வைத்து இழுத்துக்கொண்டு போவான். ஒருநாள் அவன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கடைக்குத் துணி வாங்க வந்தான். என்னைப் பார்த்துச் சிரித்தான். யாரோ எவரோ என்று நான் விலை சொல்லிக்கொண்டே இருந்தேன். அவன் திரும்பி நின்று, ரிக்ஷாக் கட்டையைப் பிடிப்பதுபோலக் குனிந்து காட்டிய பிறகுதான் புரிந்தது. அத்தனை நாளும் நான் பார்த்தது அவன் முதுகை. அந்த வெட்கம் ஒரு வாரம் இருந்தது, பிறகு மறந்துவிட்டேன். மறந்திருக்கக் கூடாது என்று மண்டூர்த் துறையில்தான் தெரிந்தது.

யுத்தம் நம் கடலுக்கு வந்த வருஷம் அது. பினாங்கு ஜப்பான்காரன் கைக்குப் போய், அங்கே இருந்த என் தம்பியிடமிருந்து கடிதம் நின்றுபோயிருந்தது. அவன் இருக்கிறானா இல்லையா என்பதே தெரியாமல் நான் சோறு தின்றுகொண்டிருந்தேன். சித்திரை வருஷப்பிறப்பு நெருங்கிய சமயத்தில் மட்டக்களப்புக் கடலுக்கு அப்பால் குண்டுச் சத்தம் கேட்டது. எங்கள் கடை இருக்கிற புளியந்தீவுப் பட்டணம் இரண்டொரு நாளில் காலியாயிற்று. முதலாளி கடையைப் பூட்டினார். கணபதிப்பிள்ளைதான் எனக்காகத் தோணி அனுப்பினார். தன் வீட்டில் பாய் கொடுத்து, சோறு போட்டு, “இது உங்கட வீடு, செட்டியார். கூச்சப்படாம இருங்க” என்றார். நானும் அதை நம்பினேன்.

ஒருநாள் காலையில் துறைப் பக்கம் ஒரே இரைச்சல். போய்ப் பார்த்தால் ஊரே அங்கே நிற்கிறது. நடுவில் ஒரு சீனத் துணிக்காரனைக் கைகளைப் பின்னால் கட்டி உட்கார வைத்திருந்தார்கள். அவன் சைக்கிள் சேற்றில் கிடந்தது. துணி மூட்டையை அவிழ்த்துக் கொட்டியிருந்தார்கள். வருஷப்பிறப்புக்கு விற்க வந்த புதுத்துணி. அதற்குள் ஒரு சிறிய கண்ணாடி இருந்தது. துணியைத் தோளில் போட்டுப் பெண்கள் அழகு பார்க்கக் கொடுக்கிற கண்ணாடி. “இதைக் காட்டித்தான் பிளேனைக் கூப்பிடுறான். ஆத்துக்குள்ள தள்ளுங்கடா” என்று ஒருவன் கத்தினான். நாலைந்து பேர் கையில் தோணிக் கம்பு இருந்தது. அவன் உதட்டில் ஏற்கெனவே இரத்தம்.

கணபதிப்பிள்ளையின் மனைவி சின்னாச்சியும் கூட்டத்தில் நின்றாள். “சீனனிட்ட நாங்க சீத்தைத் துணி வாங்கிறதுதான். ஆனா அவன்தான் இவனெண்டு எப்பிடிக் கா சொல்ற? மூஞ்சியெல்லாம் ஒண்டுதானே” என்று பக்கத்தில் நின்றவளிடம் சொன்னாள். எத்தனையோ தடவை அவள் வாசலில் மூட்டையை இறக்கி அவளோடு பேரம் பேசியவன்தான் அங்கே கட்டுண்டு கிடந்தானோ என்னவோ, அது அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

ஊர்த் தலைவரான விதானையார் என்னைக் கண்டதும் கூட்டத்தை விலக்கினார். “வாங்க செட்டியார். நீங்க பினாங்குல இருந்த ஆள். ரெண்டு சாதியையும் கண்டிருப்பீங்க. பாத்துச் சொல்லுங்க, இவன் சீனனா, ஜப்பான்காரனா?”

நான் அவன் முன்னால் குந்தி உட்கார்ந்து முகத்தைப் பார்த்தேன். பினாங்கில் ஒரு ஜப்பான்காரன் போட்டோப் பிடிக்கும் கடை வைத்திருந்தான். அவன் முகத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தேன். அவன் போட்டிருந்த கோட்டுத்தான் வந்தது, முகம் வரவில்லை. அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பார்கள். அந்த முகத்தில் பயத்தைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. பயப்படுகிற முகம் எந்தச் சாதியிலும் ஒன்றுதான். உண்மையைச் சொல்கிறேன், ஒரு நொடி அவன் ஜப்பான்காரனாகவே இருக்கட்டும் என்று மனம் ஆசைப்பட்டது. என் தம்பிக்கு என்ன செய்தார்களோ, அதற்கு ஒருவனாவது பதில் சொல்லட்டும் என்று பட்டது. அப்போது அவன் கண்ணிமை படபடவென்று துடித்தது. எனக்குத் தெரியவில்லை என்று சொன்னால் தோணிக் கம்புகள் பேசும். அது மட்டும் நன்றாகத் தெரிந்தது.

“சீனன்தான்” என்றேன்.

“எப்பிடித் தெரியும்?”

“பினாங்கிலேயே பார்த்திருக்கிறேன். எங்கள் கடைக்குத் துணி எடுக்க வருவான்.” பொய் தங்கு தடையில்லாமல் வந்தது.

விதானையார் பெருமூச்சு விட்டார். யாரோ கட்டை அவிழ்க்கக் குனிந்தார்கள். விஷயம் அதோடு முடிந்திருக்கும். பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. “பினாங்கு இப்ப ஜப்பான்காரன்ட கையில. அங்க பழகின ரெண்டு பேரும் ஒரே கிழமைல இஞ்ச எப்பிடி வந்து சேந்தாங்க?”

கட்டை அவிழ்க்கப் போன கை நின்றது. விதானையார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். முன்னே “வாங்க” என்றவர் இப்போது, “நீ ஆரு? உன்ட ஊரென்ன?” என்றார். மாயவரம் என்றேன். அது எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார்: “இவரை ஆருக்குத் தெரியும்? இன்னார்தான் எண்டு ஆர் சொல்லுவீங்க?”

நான் அந்த முகங்களைப் பார்த்தேன். அவர்கள் வீட்டுப் பெண்களின் கலியாணத்துக்குக் கூறைச் சேலை எடுத்துக் கொடுத்தவன் நான். யாருக்கு எந்த நிறம் பிடிக்கும், யார் பேரம் பேசாமல் வாங்குவார், யார் பேசியே கொல்வார் என்று எனக்குத் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. சின்னாச்சி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் கணபதிப்பிள்ளை தொண்டையைச் செருமினார்.

“நல்ல மனிசன்தான், விதானையார். ஆனா... பிறத்தியாள்தானே. உள்ளுக்குள்ள என்ன இருக்கெண்டு ஆர் கண்ட?”

இடுப்பு வளைவை வைத்தே ஆளைச் சொல்கிறவர் அவர். என்னை அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. அப்போதுதான் கீழேயிருந்து சத்தம் வந்தது. கட்டுண்டு கிடந்தவன் தலையைத் தூக்கியிருந்தான்.

“நான் தெரியும்” என்றான். “இவர் நான் தெரியும். பினாங்கு. கடை. நல்ல ஆள்.”

யாரோ சிரித்தார்கள். கள்வனுக்குக் கள்வன் சாட்சி என்று இன்னொருவர் சொன்னார். ஆனால் அந்தச் சிரிப்பில் கம்புகள் கொஞ்சம் தாழ்ந்தன. விதானையாருக்கும் தலைவலி தீர்ந்தால் போதும் என்றாகிவிட்டது. ரெண்டு பேரையும் ஒரே தோணியில் ஏற்றிப் புளியந்தீவுச் சர்க்கார் கச்சேரியில் ஒப்படைத்துவிடச் சொன்னார். அங்கே விசாரிக்கிறவர்கள் விசாரித்துக்கொள்ளட்டும் என்றார். தோணி நகரும்போது கணபதிப்பிள்ளை முழங்கால் தண்ணீரில் ஓடி வந்து ஒரு சோற்றுப் பொதியை என் மடியில் வைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. பொதியில் இருவருக்குப் போதுமான சோறு இருந்தது.

கச்சேரியில் பகல் முழுவதும் உட்கார வைத்துக் கேள்வி கேட்டுவிட்டு எங்களை அனுப்பிவிட்டார்கள். தம்பியும் உயிரோடு இருக்கிறான் என்று யுத்தம் முடிந்தபின் கடிதம் வந்தது. கணபதிப்பிள்ளை இன்றும் எங்கள் கடைக்குத்தான் வருகிறார். பழையபடி பேசிச் சிரிக்கிறோம். அந்தக் காலையைப் பற்றி அவரும் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை. கேட்டால் அவரை இழந்துவிடுவேன் என்று பயம். அவரை விட்டால் இந்த ஊரில் எனக்கு யார்? ஊருக்குத் திரும்பிவிடு என்று நீங்கள் எழுதுகிறீர்கள். அங்கேயும் இப்போது என்னைப் பினாங்குக்காரர் என்கிறார்கள்.

என்னை விட்டுப் போகாதது அந்தத் தோணிப் பயணம்தான். கரை விலகி, பின்னால் மண்டூர் மங்கிக்கொண்டு வந்தது. முன்னால் புளியந்தீவு இன்னும் தெரியவில்லை. தோணிக்காரன் முதுகைக் காட்டிக்கொண்டு கம்பு ஊன்றினான். நான் குரலைத் தாழ்த்தி, “பினாங்கில் எந்தப் பக்கம்?” என்று கேட்டேன். அவன் தலையை ஆட்டினான். “போனது இல்ல” என்றான்.

கச்சேரியில் எங்களைப் பிரித்து வைத்துத்தான் கேட்பார்கள் என்பது இருவருக்கும் தெரியும். நான் அவன் முகத்தை நெற்றியிலிருந்து ஆரம்பித்துப் படித்தேன். இடப்புருவத்தில் ஒரு வெட்டு, காதோரம் ஒரு மச்சம், மேல்வரிசையில் ஒரு பல் இல்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவனும் கண்ணை எடுக்காமல் என் முகத்தையே மனப்பாடம் செய்துகொண்டிருந்தான்.