ராத்தாவின் உயரத்துக்கு ஒரு குசினி

எங்கள் ராத்தாவை மண்ணுக்குக் கொடுத்து ஓராண்டு நிறைகிறது. தந்தவன் எடுத்துக்கொண்டான் என்று சொல்ல நாக்கு பழகிவிட்டது. மனம் இன்னும் பழகவில்லை. ராத்தாவின் நற்குணங்களைப் பற்றி உறவினர்கள் பலர் இந்த நினைவு மலரில் எழுதியிருக்கிறார்கள். அவருடைய ஒரே தம்பியாகிய நான் அவர் சமைத்த குசினியைப் பற்றி எழுதுகிறேன். அதில் என் பிழையொன்றும் இருக்கிறது. அதை மறைத்துவிட்டு அவரைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை.

ராத்தா நிந்தவூரில், பிரதான வீதியிலிருந்து கடலுக்குப் போகும் ஒழுங்கையொன்றில் பிறந்தார். வாப்பா வயல் செய்தார். ராத்தாவுக்குப் பதினொரு வயதிருக்கும்போது, அறுவடை முடிந்து நெல் மூட்டைகளோடு வந்த உழவு மெசின் பெட்டியிலிருந்து தவறி விழுந்தார். சில்லு இடது கணுக்காலில் ஏறியது. எலும்பு கோணலாகவே பொருந்தியது. அன்றிலிருந்து அந்தக் காலில் பாரம் கொடுத்து நெடுநேரம் நிற்க அவரால் முடியாது.

வாப்பா இறந்த பின், எனக்கு ஐந்து வயதில் உம்மாவும் மௌத்தானார். அப்போது ராத்தாவுக்குப் பதினெட்டு வயது. ஊர் வழக்கப்படி உம்மாவின் வீடு ராத்தாவுக்குச் சேர்ந்தது. வீட்டோடு நானும் சேர்ந்தேன். அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்த மச்சான் என்னையும் ஒரு பிள்ளையாகவே பார்த்தார். அவர்களுக்கு ஒரே மகள். அந்த மருமகளுக்கு ஒன்பது வயதாகும்போது மச்சானும் நெஞ்சு வலியில் இறையடி சேர்ந்தார். அதன் பிறகு ராத்தா கடைகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுத்தே எங்கள் இருவரையும் படிக்க வைத்தார்.

வீட்டின் பின்புறம் ஒட்டிக் கட்டிய குசினி அது. இரண்டு பேர் உள்ளே போனால் மூன்றாமவர் வாசலில் நிற்க வேண்டும். சுவர் புகையில் கறுத்திருந்தது. ஜன்னல் என்று சொல்ல ஒரு துவாரம் இருந்தது. அடுப்பு நிலத்திலிருந்து ஒரு சாண் உயரந்தான். சிறிய பலகைக் கட்டையில் அமர்ந்து, இடது காலை நீட்டிக்கொண்டு ராத்தா சமைப்பார். உப்பு, தூள், அரிசி, தண்ணீர் எல்லாம் கை நீட்டும் தூரத்தில் இருக்கும். சுனாமிக்குப் பின் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த குடும்பங்களுக்கு அங்கிருந்துதான் நாள் தவறாமல் சோறாக்கி அனுப்பினார். கால் ஏலாதவர் என்று ஊரில் யாரும் அவரைச் சொன்னதில்லை. நானும் நினைத்ததில்லை. அந்தக் குசினிக்குள் அவர் எழும்ப வேண்டிய தேவையே இருக்கவில்லை என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

நான் கட்டார் நாட்டில் வீடுகளுக்குக் கட்டட வரைபடம் கீறும் வேலை செய்கிறேன். மருமகளுக்குக் கலியாணம் பேசியபோது, மாப்பிள்ளை வந்து வாழப்போகும் வீட்டில் இப்படியொரு குசினியா என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. தொலைபேசியில் ராத்தாவின் இருமலும் கேட்டுக்கொண்டே இருந்தது. புகையில்லாத குசினியொன்றைக் கட்டித் தருவதென்று முடிவு செய்தேன். அவரிடம் கேட்டு எடுத்த முடிவல்ல அது. படத்தைக் கீறி முடித்த பிறகுதான் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இடுப்புயரத்தில் கறுப்புக் கிரனைட் மேடை, வெள்ளை டைல்ஸ், மேலே அலுமாரிகள், கேஸ் அடுப்பு.

"எப்பிடி ராத்தா?"

"வடிவா இரிக்கி தம்பி." பிறகு, "அடுப்பக் கொஞ்சம் பணிவா வைக்க ஏலாதா?" என்றார்.

"இப்ப ஒருத்தரும் அப்பிடிக் கட்டுறல்ல ராத்தா. எல்லாரும் நிண்டுதான் சமைக்கிற."

"ஓம், ஓம். நீ படிச்ச புள்ளதானே. உண்ட விருப்பம்போல செய்."

அவர் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

ஹனீபா மேசன் பழைய குசினியை இடித்துவிட்டு ஒன்றரை மாதத்தில் வேலையை முடித்தார். கலியாணத்துக்கு வந்தவர்கள் குசினியை எட்டிப் பார்த்துப் பாராட்டினார்களாம். அதன் பின் நான் வீடியோவில் அழைக்கும்போதெல்லாம் ராத்தா அந்த மேடையோரம் நின்றுதான் கதைப்பார். ஒரு கையால் கல்லைப் பிடித்திருப்பார். முக்காட்டுத் தலைப்பு மற்றக் கையில் சுற்றியிருக்கும். "குசினி நல்லா இரிக்கி" என்று சிரிப்பார். அறையில் என்னோடு இருந்தவர்களுக்கும் நான் அதைப் பெருமையாகக் காட்டியிருக்கிறேன்.

பதினொரு மாதம் கழித்து, மாரி காலத்தில், சொல்லாமல் ஊருக்கு வந்தேன். காலை எட்டு மணியிருக்கும். ஆசிரியையான மருமகள் பாடசாலை விடுமுறையென்பதால் வீட்டில் இருந்தாள். அவள்தான் கதவைத் திறந்தாள். நேரே குசினிக்குப் போனேன். டைல்ஸ் பதித்த நாள்போலவே வெள்ளையாக இருந்தது. அடுப்பு குளிர்ந்து கிடந்தது. ஆனால் எங்கிருந்தோ தேங்காய்ப்பால் கொதிக்கும் வாசம் வந்தது. பின்கதவைத் திறந்தேன். கிணற்றடியில், நான்கு தடிகளில் சாய்த்துக் கட்டிய தகரத்தின் கீழ், மூன்று கற்களை வைத்து ராத்தா சமைத்துக்கொண்டிருந்தார். ஈர விறகு புகைந்தது. தூவானம் அடித்து முக்காடு நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது.

என்னைக் கண்டதும் எழும்ப முயன்றார். "அல்லாஹ்வே, தம்பி! சொல்லாமக் கொள்ளாம வந்திரிக்காய்!"

"இஞ்ச என்னத்துக்கு ராத்தா சமைக்கிறீங்க?"

"புதுக் குசினி அழுக்காப் போயிருமெண்டுதான். இண்டைக்கு மட்டும்."

எனக்குப் பின்னால் நின்ற மருமகள் பேசினாள். "இண்டைக்கு மட்டும் இல்ல மாமா. கட்டின நாளையிலிருந்து இப்பிடித்தான். உம்மாவுக்கு அந்தக் கல்லடியில நிண்டு சமைக்க ஏலா. ரெண்டு தரம் விழுந்திட்டா. ஒருக்கா கொதிகஞ்சி கையில ஊத்துப்பட்டு..."

"வாய மூடு புள்ள!" என்றார் ராத்தா.

மருமகள் அழத் தொடங்கினாள். "உங்களுக்குச் சொல்லக் கூடாதெண்டு சத்தியம் வாங்கினா மாமா. அடுப்ப நிலத்துல எறக்கி வைப்பம் எண்டு எத்தின தரம் கேட்டன். தம்பி பாத்தா மனம் நோகும் எண்டு விடல்ல."

நான் நனைந்த மண்ணில் குந்தி ராத்தாவின் கையைப் பிடித்துப் பார்த்தேன். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை தோல் வெளிறிச் சுருங்கியிருந்தது. வீடியோவில் முக்காட்டுத் தலைப்பு மறைத்த கை அது.

"எனக்கு ஏன் சொல்லல்ல?"

"நீ ஆசப்பட்டுக் கட்டின தம்பி. வாற ஆக்களுக்கெல்லாம் காட்டி, எண்ட தம்பி கட்டித் தந்த எண்டு சொல்லுவன். அது பொய்யில்லதானே?"

அன்றே ஹனீபா மேசனை அழைத்தேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் தலை குனிந்தார். "எனக்கு அப்பவே மனசுல பட்டது தம்பி. படம் கீறி அனுப்பின நீங்கதானே, உங்களுக்குத் தெரியாதா எண்டு விட்டுட்டன்" என்றார்.

லீவை நீட்டித்துக்கொண்டேன். ராத்தா பலகைக் கட்டையில் இருக்க, அளவு நாடாவோடு நான் நிலத்தில் அமர்ந்தேன். "கைய நீட்டுங்க ராத்தா" என்றேன். முன்பின் தெரியாத எத்தனையோ பேரின் வீடுகளுக்கு அளவு போட்டவன், என்னை வளர்த்தவரின் கைக்கு எட்டும் தூரத்தை அன்றுதான் அளந்தேன். "இன்னும் கொஞ்சம் பணிவா... ஓம், அதுதான்" என்று அவர் காட்டிய இடங்களில் சோக்கட்டியால் கோடு போட்டேன். கிரனைட் மேடையை உடைத்தோம். கேஸ் அடுப்புக்கும், பாத்திரம் கழுவும் தொட்டிக்கும் அமர்ந்தபடி கை எட்டும் உயரத்தில் புதிய மேடை கட்டினோம். ஜன்னலையும் இறக்கினோம். வேறு என்ன வேண்டுமென்று கேட்டேன். "பின்கதவுப் படியில புடிச்சி எறங்க ஒரு கம்பி" என்றார்.

நான் திரும்பிப் போய் மூன்று மாதத்தில் ராத்தாவுக்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சு முட்டியது. ஓடி வந்தேன். வைத்தியசாலையில் நான்கு நாட்கள் அவரோடு இருக்கக் கிடைத்தது. மழையில் நனைந்து சமைத்ததால் வந்ததா என்று வைத்தியரிடம் கேட்டேன். பல வருடப் புகையில் நெஞ்சு பழுதடைந்திருக்கிறது என்றார். நனைந்தது காரணமில்லை என்று மட்டும் அவர் சொல்லவில்லை. புகையிலிருந்து காப்பாற்றுவதாக நினைத்துத்தான் நான் அவரைப் பதினொரு மாதம் ஈர விறகின் முன்னால் இருத்தியிருந்தேன்.

மூன்றாம் நாள் கட்டிலருகே குனிந்து, "எண்ட பிழையப் பொறுத்து என்னைப் பொருந்திக்கொள்ளுங்க ராத்தா" என்றேன். ஒட்சிசன் முகமூடியை விலக்கி, "குசினி நல்லா இரிக்கி தம்பி" என்றார். நான் முதலில் கட்டிய குசினியைப் பற்றியும் இதே வார்த்தையைத்தான் சொல்லியிருந்தார். மறுநாள் பகல் லுஹர் தொழுகைக்குச் சற்று முன் அவருடைய உயிர் பிரிந்தது. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

ராத்தாவுக்குத் தண்ணீர் பருக்கிக் கண்விழித்திருந்த தாதியருக்கும், குளிப்பாட்டிக் கபன் துணியிட்ட பெண்களுக்கும், மையவாடிவரை தோள் கொடுத்தவர்களுக்கும், எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டாத நாட்களில் சோறு கொண்டுவந்த அயலவர்களுக்கும், வேறோர் இடத்து வேலையைப் பாதியில் விட்டு எங்களுக்காக வந்த ஹனீபா மேசனுக்கும் அல்லாஹ் நற்கூலி வழங்குவானாக.

கடைசியாக என் மருமகளுக்கு. உம்மாவுக்குக் கொடுத்த சத்தியத்தை மீறிவிட்டேனே என்று அவள் இன்னும் கலங்குகிறாள். ஜனாஸா எடுத்த அன்று மாலை அவளை அழைத்து, "உம்மா கடைசியாச் சொன்னது உண்மையா? இல்ல, எண்ட மனம் நோகாமலிருக்கச் சொன்னதா?" என்று கேட்டேன்.

"இந்தத் தரம் உண்மைதான் மாமா" என்றாள். "குசினிய மாத்திக் கட்டினதுக்குப் பொறகு உம்மா ஒரு நாளும் வெளிய சமைக்கல்ல."

குடும்பத்தார் எல்லோர் முன்னிலையிலும் அவளுக்கு நன்றி சொல்கிறேன். அவள் அன்று வாயைத் திறந்ததால்தான் அந்த மூன்று மாதமாவது எங்கள் ராத்தாவுக்குக் கிடைத்தது.