அடுத்தவன் அடைத்த தோட்டா

ஆர்வில் டீட்ஸ் மாதிரி ஒரு கஞ்சனை எங்கள் மேற்கு வர்ஜீனியா மலைப்பக்கம் தேடினாலும் கிடைக்காது. என் டயர் கடையில் சக்கரம் ஆடாமலிருக்க இரும்புக் கொக்கி வைத்து மாட்டி, பிறகு கழற்றிப் போடும் ஈயக்கட்டிகளை முப்பது வருஷம் ஓசியிலேயே வாங்கிப் போன மனுஷன். கொட்டகையில் அதை உருக்கி, மேலே மிதக்கும் இரும்புக் கொக்கிகளைக் கரண்டியால் வழித்துப் போட்டு, அச்சில் ஊற்றிக் குண்டு வார்ப்பார். சுட்டு முடித்த பித்தளைக் கூட்டிலேயே மறுபடி வெடிமருந்து நிரப்பி, குண்டைப் பொருத்தி அடைப்பார். ஒரே கூடு எட்டு வருஷம் உழைக்கும்.

எங்கள் ஊரில் யார் வீட்டில் எதைக் கொடுத்தாலும் சாப்பிடுவோம். அடுத்தவன் அடைத்த தோட்டாவை மட்டும் துப்பாக்கியில் போட மாட்டோம். மருந்து மாறினால் துப்பாக்கி வெடித்து முகமே போய்விடும். அண்ணன் அடைத்ததைத் தம்பி சுட மாட்டான். நானும் ஆர்விலிடம் வாங்கியதில்லை, அவரும் அதற்காகக் கோபித்துக்கொண்டதில்லை. ஆனால் அவர் மகள் ரோவீனா, பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள், பன்னிரண்டு வயதிலிருந்து அப்பா அடைத்ததைத் தவிர வேறு தோட்டாவைத் தொட்டதில்லை. மனைவி போன பிறகு அவருக்கு மிஞ்சிய ஒரே பெருமை அதுதான்.

"என் தோட்டான்னா என் பொண்ணு கண்ணை மூடிக்கிட்டுச் சுடுவா" என்பார்.

"கண்ணை மூடிக்கிட்டுச் சுட்டா மான் எப்படிய்யா விழும்?" என்று நான் சீண்டுவேன்.

போன அக்டோபரில் ஈயம் கொடுக்கப் போனேன். மேஜையில் இரண்டு மருந்து டப்பாக்கள் திறந்து கிடந்தன. ஒன்றை மூடி அலமாரியில் வைக்காமல் இன்னொன்றை எடுக்கக் கூடாது. அவரே எழுதிக் கதவில் ஒட்டியிருந்த சட்டம் அது.

"என்னப்பா, ரெண்டும் திறந்திருக்கு?"

"எல்லாம் எனக்குத் தெரியும். நீ போய் டயருக்குக் காத்தடி."

நான் நேராக ரோவீனா வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அந்த வருஷத்துக்கு அவர் கொடுத்திருந்த இருபது தோட்டாக்களையும் சமையலறை மேஜையில் வைத்து ஒவ்வொன்றாகப் பிரித்தாள். மூன்றில் வேகமாக எரியும் கைத்துப்பாக்கி மருந்து இருந்தது. வேட்டைத் துப்பாக்கியில் போட்டிருந்தால் குழலே பிளந்திருக்கும். அவள் பாத்திரம் கழுவும் தொட்டிப் பக்கம் திரும்பி நின்று அழுதாள்.

"அப்பாகிட்ட சொல்லிடாதீங்க மாமா. செத்துருவாரு."

கடையில் தோட்டா வாங்கி, அப்பாவின் பழைய பெட்டியில் அடுக்கி வைத்தாள். மேலே அவர் பென்சிலால் எழுதிய சீட்டு அப்படியே இருந்தது.

மான் வேட்டை தொடங்கும் திங்கட்கிழமை மூவரும் காட்டுக்குப் போனோம். ரோவீனா ஒரே வெடியில் மானைச் சாய்த்தாள். துப்பாக்கியிலிருந்து கூடு பனியில் தெறித்து விழுந்தது. அவள் குனிவதற்குள் ஆர்வில் எடுத்துவிட்டார். புதுப் பித்தளை, பளபளவென்று இருந்தது; அவர் திரும்பத் திரும்ப அடைக்கும் பழைய கூடு இல்லை. அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"நான் அடைச்சதுல எத்தனை கெட்டிருந்துச்சு?" என்றார்.

அவள் பொய் சொல்ல வாயெடுத்தாள், முடியவில்லை. "மூணுப்பா."

நான் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாமே என்று ஒரு கணம் நினைத்தேன். பிறகு அவள் முகத்தைப் பார்த்தேன். நெற்றி, கண், கன்னம் எல்லாம் முழுசாக இருந்தன.

"மூணும் உன் கன்னத்துக்குப் பக்கத்துல வெடிச்சிருக்கும்மா." அவர் கூட்டைச் சட்டைப் பையில் போட்டார். "நான் இனிமே அடைக்கல."

"அப்படிச் சொல்லாதீங்கப்பா. நீங்க அடைங்க, நான் பக்கத்துல உக்காந்து ஒவ்வொண்ணா பாக்கறேன்."

"ஒவ்வொண்ணா பாத்துத்தான் சுடணும்னா, நானும் உனக்கு அடுத்தவன்தானே ரோவி."

அவள் அவர் கையைப் பிடிக்கப் போனாள். அவர் மானை இழுக்கக் கயிறு எடுத்து வருவதாகச் சொல்லி வண்டியைப் பார்த்து நடந்தார். கயிறு என் தோளில்தான் இருந்தது. நாங்கள் இருவரும் அவரைக் கூப்பிடவில்லை.